என் கிளை, தள்ளிப் போ

அட்டக்கல் சோலையில் பல வருடங்களாகப் பறவைகளின் சார்பில் பேசிக்கொண்டிருந்தவர் எபநேசர். வால்பாறைக்கு மேலே, தேயிலைத் தோட்டங்கள் முடிந்து மழைக்காடு தொடங்கும் இடத்தில் அவருடைய ராஜ்யம். காலையில் ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய், பறவைகளைக் காட்டி, சாயங்காலம் முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து விடும் வழிகாட்டி வேலை.

பறவையைக் காட்டுவது பாதி வேலைதான் என்பது எபநேசரின் கட்சி. அது என்ன சொல்கிறது என்று சொல்வது மீதிப் பாதி. சீகாரப் பூங்குருவி ஓடைப் பாறையில் உட்கார்ந்து சீட்டியடித்தால், "துணையைப் பறிகொடுத்த பறவைங்க. அது பேரைச் சொல்லித்தான் பாடுது" என்பார். கூட்டத்தில் யாராவது ஒருவர் கைக்குட்டையை எடுப்பார். மரகதப்புறா முனகினால் ஜெபம். மரங்கொத்தி தட்டினால் பக்கத்து வீட்டுக் கதவு. இதெல்லாம் உண்மையா என்று யாரும் கேட்டதில்லை. பறவைகளும் மறுத்ததில்லை.

அவை மறுக்கத் தொடங்கியது, கோயம்புத்தூரிலிருந்து சாருலதா ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கு.

பெட்டிக்குள் இயர்பட்கள் இருந்தன. 'புள்மொழி' என்று பெயர் வைத்திருந்தார்கள். சாருலதா அந்தக் கம்பெனியின் பொறியாளர், முப்பது வயதிருக்கும், காட்டுக்குப் புத்தம்புது வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"அண்ணா, இது வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்ப்பு இல்ல. எந்தச் சத்தம் போட்ட பிறகு பறவை என்ன பண்ணுதுன்னு லட்சக்கணக்கான தடவை பார்த்து மிஷின் கத்துக்கிட்டிருக்கு. கருத்தைப் பிடிச்சு, தமிழ்ல ஒரு வாக்கியமாச் சொல்லும்."

"நானும் அதைத்தானேம்மா செய்றேன்?" என்றார் எபநேசர்.

அவள் மரியாதையாகச் சிரித்தாள். அந்த மரியாதைதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"இன்னொண்ணு அண்ணா. இதைக் காதுல போட்டா மனுஷக் குரல் சுத்தமாக் கேட்காது. மிஷின் அடைச்சிரும். கூட வர்றவங்க தொணதொணன்னு பேசினா பறவை எப்படிக் கேட்கும்? உங்க காலர்ல ஒரு மைக் மாட்டிடறேன். நீங்க பேசறது மட்டும் எல்லார் காதுலயும் விழும். நீங்க ஒரு காதுல மட்டும் போட்டுக்குங்க."

"இது நல்லா வேலை செஞ்சிட்டா?"

"செஞ்சிட்டா..." சாருலதா பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆளுங்க வழிகாட்டி இல்லாமயே போய்க்கலாம்னு கம்பெனி நினைக்குது."

எபநேசர், அட்டை கடிக்காமல் இருக்க முழங்கால் வரை மாட்டும் துணி உறையை எடுத்து அவளிடம் கொடுத்தார். "வெள்ளை ஷூவுக்கு மேல இதைக் கட்டிக்கங்க. இங்கத்த அட்டைக்குக் கம்பெனி ஆளு, கூலி ஆளுன்னு வித்தியாசம் தெரியாது."

அன்றைய பயணிகள் மூன்று பேர். முதலாமவர் சடகோபன், ஓய்வுபெற்ற சார்பதிவாளர். பணிக்காலம் முழுக்க வேலித் தகராறும் பாகப்பிரிவினையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இனிமேல் பறவைகளோடுதான் வாழ்க்கை என்று பெரிய காமிராவோடு கிளம்பியிருந்தார்.

மற்ற இருவர் உடுமலைப்பேட்டையைச் சேர்ந்த கணவன் மனைவி. சிகாமணிக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. வசந்தாமணி பள்ளிக்கூட ஆசிரியை. முந்தின நாள் அவர்களுடைய மகள் எபநேசருக்குப் போன் செய்திருந்தாள். "அங்கிள், அப்பாவும் அம்மாவும் பேசிக்கறதே இல்லீங்க. கல்யாணமான புதுசுல உங்ககூடத்தான் காட்டுக்கு வந்தாங்களாம். மறுபடியும் ஒரு தடவை அனுப்பறேன். ஏதாச்சும் பறவைக் கதை சொல்லுங்க அங்கிள்."

வந்து இறங்கியதுமே நிலைமை தெரிந்துவிட்டது. வேனின் இரண்டு பக்கக் கதவுகளிலிருந்து ஆளுக்கொரு திசையில் இறங்கினார்கள்.

"ஏனுங்ணா," என்று வசந்தாமணி எபநேசரிடம் சொன்னார். கணவர் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். "குடை என்ற பையில இருக்குதுன்னு அவருகிட்டச் சொல்லிருங்க."

"கேட்டுதுங்க," என்று சிகாமணி எபநேசரிடம் சொன்னார். "எனக்குக் குடை வேண்டாம்னு அவங்ககிட்டச் சொல்லிருங்க."

குடை எபநேசர் கைவழியாகப் போய், சிகாமணியிடம் சேர்ந்தது.

இயர்பட் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தார்கள். நுழைந்த இடத்திலேயே, ஒரு பெரிய மரத்தின் உச்சியிலிருந்து குக்குறுவான் கூவியது. எபநேசர் வழக்கம்போலக் கையை உயர்த்தினார். இது சூரியனை வரவேற்கிற பாட்டு என்று அவர் வாயெடுப்பதற்குள், காதுக்குள் ஒரு பெண் குரல், ரயில் வருகையை அறிவிக்கிற மாதிரிச் சொன்னது:

"என் கிளை. தள்ளிப் போ. என் கிளை. தள்ளிப் போ."

கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு குக்குறுவான் பதில் சொன்னது.

"இல்லை. என் கிளை. நீ தள்ளிப் போ."

சடகோபன் காமிராவைக் கீழே இறக்கினார். அவர் முகத்தில், தப்பியோடியவனைப் போலீஸ் தோளில் தொட்டது போன்ற ஒரு திகைப்பு.

அதற்குப் பிறகு காடு முழுக்க அதே பேச்சுதான். தேன்சிட்டு, "என் பூ." மரங்கொத்தி, "என் மரம். இந்த மரமும் என் மரம்." மரகதப்புறா ஜெபம் எதுவும் செய்யவில்லை. "இங்கே நான் இருக்கிறேன். பெட்டை உண்டா? பெட்டை உண்டா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தது. தலைக்குமேல் சிறகு விசிற இருவாச்சி பறந்தபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அது "அத்தி பழுத்திருக்கிறது" என்று ஒரே ஒரு தகவல் கொடுத்துவிட்டுப் போயிற்று.

"முப்பது வருஷம் இதைத்தான் சார் கேட்டேன்," என்று சடகோபன் எபநேசரைப் பார்த்துப் புலம்பினார். "பத்திரம் மட்டும்தான் கையில இல்ல. மத்தபடி அத்தனை பேச்சும் அதேதான்."

சாருலதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடையருகே சீகாரப் பூங்குருவி நீளமாகச் சீட்டியடித்தபோது அவள் எபநேசர் முகத்தைத்தான் பார்த்தாள். "இந்தப் பாறை என்னுடையது. வந்தால் கொத்துவேன்" என்று காதுக்குள் குரல் சொன்னது.

வசந்தாமணி எபநேசரைத் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு இது துணையை நினைச்சு அழுவுதுன்னு சொன்னீங்களேண்ணா? நான் ஊருக்குப் போற வரைக்கும் அழுதுட்டே போனேன்."

"அது வேற பறவைம்மா," என்றார் எபநேசர்.

பறவைகள் கைவிட்டுவிட்டன. ஆனால் அன்றைக்கு அவருக்கு வேறொரு மொழிபெயர்ப்பு வேலை மிச்சமிருந்தது. இயர்பட் மாட்டியபிறகு கணவன் மனைவி இருவருக்கும் ஒருவர் குரல் மற்றவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை. எல்லாம் அவர் மைக் வழியாகத்தான் போக வேண்டும்.

"எருமை மாதிரி நடந்து அத்தனை குருவியையும் விரட்டறாருன்னு சொல்லுங்ணா," என்றார் வசந்தாமணி.

எபநேசர் மைக்கில் சொன்னார்: "சார், வழுக்குது, பார்த்து நடக்கச் சொல்றாங்க அம்மா."

சிகாமணி நின்றார். திரும்பினார். முகம் லேசாக மாறியது. "பரவாயில்லைன்னு சொல்லுங்க. அவங்க டீச்சரு வேலைய இங்கயும் பாக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"நீங்களும் பார்த்து வாங்கன்னு சொல்றார்ம்மா."

இப்படியே ஒரு மைல் போயிற்று. "வாயில கொழுக்கட்டையா, அவராப் பேசமாட்டாரா" என்பது "தண்ணி குடிச்சீங்களான்னு கேக்கிறாங்க" ஆயிற்று. "இவ பிடிவாதத்துக்கு அந்த இருவாச்சியே தேவலை" என்பது "பழைய ஞாபகமெல்லாம் வருதுன்னு சொல்றார்" ஆயிற்று. சிகாமணி ஒரு சறுக்கலில் கையை நீட்டினார். வசந்தாமணி யோசித்து, கையைப் பிடிக்காமல் குடையின் நுனியை மட்டும் பிடித்து ஏறினார். இது கணிசமான முன்னேற்றம் என்று எபநேசர் நினைத்தார். ஒரு காதில் மட்டும் இயர்பட் போட்டிருந்த சாருலதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

மதியம் மேட்டில் ஒரு பாறையில் உட்கார்ந்து, இயர்பட்களைக் கழற்றி வைத்துவிட்டு, வாழை இலையில் கட்டிவந்த எலுமிச்சை சாதத்தைப் பிரித்தார்கள். சிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். வெகுநாளைக்குப் பிறகு, நேராக மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"காலைல இருந்து அக்கறையாப் பேசறே. எனக்குச் சந்தோசம்."

வசந்தாமணி கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. "நான் என்ன பேசினேன்?" என்று எபநேசரைக் கேட்டார்.

"பார்த்து நடக்கச் சொன்னியாமா. தண்ணி குடிச்சனான்னு கேட்டியாமா," என்றார் சிகாமணி.

"எருமைன்னு சொன்னேன்!"

சடகோபன் ஊறுகாயைத் தேடுவதுபோலப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டார். வசந்தாமணி எபநேசர் பக்கம் திரும்பினார். கோபத்தில் குரல் உயரவில்லை, தணிந்தது. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"நீங்களும் எனக்காகப் பேச ஆரம்பிச்சுட்டீங்களாண்ணா? எங்களுக்குள்ள என்ன சண்டைன்னு தெரியுமா உங்களுக்கு? கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எனக்குத் தலைமையாசிரியை வேலை வந்துச்சு. போன் வந்தப்ப நான் குளிச்சிட்டிருந்தேன். இவரு எடுத்தாரு. 'அவ அத்தனை தூரமெல்லாம் வரமாட்டாளுங்க'ன்னு சொல்லி வெச்சுப்போட்டாரு. நான் துண்டைத் தலைல சுத்திட்டு வெளிய வர்றதுக்குள்ள என்ற வாழ்க்கைய அவரே பேசி முடிச்சிட்டாரு. அதுக்கப்புறம் எனக்கு எதுக்கு வாயின்னு பேசறத நிறுத்திட்டேன்."

மேலே ஒரு குக்குறுவான் மட்டும் தன் கிளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. இயர்பட் இல்லாமலே இப்போது எல்லோருக்கும் புரிந்தது.

"மன்னிச்சிருங்கம்மா," என்றார் எபநேசர். "நல்லதுன்னு நினைச்சேன்."

"அவரும் அதத்தான் சொன்னாரு."

சிகாமணி இலையை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அவமானத்தில் காது மடல் சிவந்திருந்தது. மனைவியிடம் கோபப்பட முடியாததால் எபநேசரிடம் கோபப்பட்டார். "இனி உங்க குரல்ல வர்ற ஒரு பேச்சையும் நான் நம்பறதா இல்லீங்க. மிஷினு சொன்னா மட்டும் கேட்டுக்கறேன். அதுக்குப் பொய் தெரியாது." இயர்பட்டை எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டார். "ஓடையில கை கழுவிட்டு வர்றேன்." குடையை ஊன்றிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார். ஓடை கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எபநேசர் தடுக்கவில்லை.

ஆனால் அந்தக் காட்டில் கண்ணுக்கெட்டும் தூரம் என்பது நிலையான அளவு இல்லை. அவர்கள் இலைகளைச் சுருட்டிப் பையில் போட்டு, இயர்பட்களை மாட்டிக்கொள்வதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்து ஓடையை விழுங்கியது. அப்புறம் பாதையை. அப்புறம் சடகோபனின் காமிராவை.

புதருக்குள்ளிருந்து சிலம்பன் குருவிகள் கூட்டமாகக் கத்தத் தொடங்கின. காதுக்குள் ரயில் நிலையக் குரல் நிதானமாகச் சொன்னது:

"பெரியது. கீழே. பெரியது. நகர்கிறது. கீழே."

எபநேசர் மூக்கை உயர்த்தினார். ஈரமண் வாசனைக்கு நடுவே சாணமும் நசுங்கிய இஞ்சித் தழையும் கலந்த வாசனை. கீழே எங்கோ ஒரு கிளை முறிந்தது. மெல்ல, அவசரமில்லாமல் முறிந்தது.

"யானையா?" சாருலதாவின் உதடுகள் மட்டும் அசைந்தன.

எபநேசர் தலையசைத்தார். சத்தம் போடக்கூடாது என்று எல்லோருக்கும் சைகை காட்டினார். பனியில் யானைக்கும் ஒன்றும் தெரியாது. பதற்றத்தில் அது எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓசையில்லாமல் சிகாமணியை மேலே வரவழைக்க ஒரே வழி மைக். ஆனால் அவர் குரலை நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த மனிதர் போயிருக்கிறார்.

எபநேசர் காலரைப் பிடித்து வாயருகே இழுத்தார். மூக்கை லேசாக அழுத்திக்கொண்டு, குரலை மெல்லிசாக்கி, மிஷினைப் போல உணர்ச்சியில்லாமல் சொன்னார்:

"பெட்டைப் பறவை. மேலே. எங்கே இருக்கிறீர்கள்? மேலே வாருங்கள்."

பதில் இல்லை. பனி அசையவில்லை.

"பெட்டைப் பறவை கூப்பிடுகிறது. பாறைக்கு வாருங்கள். சீக்கிரம் வாருங்கள்."

"அட!" என்று சடகோபன் தனக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொன்னார். "இத்தனை நேரம் தள்ளிப் போ, கொத்துவேன்னு பேசின பறவைங்க, வாங்க போங்கன்னு மரியாதை குடுக்குதே!"

எபநேசர் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். அந்த நேரத்தில்தான் வசந்தாமணி இரண்டு இயர்பட்டையும் பிடுங்கி எறிந்தார். எபநேசருக்கு இன்னொரு கை இல்லை. இருபத்தைந்து வருடம் எட்டாம் வகுப்பைக் கட்டிமேய்த்த தொண்டை அது. அதுவரை அந்தச் சோலை அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை.

"யோவ் சிகாமணி! இருக்கியா செத்தியாய்யா!"

காடு வாயடைத்துப் போயிற்று. குக்குறுவான்கள் தகராறை ஒத்திவைத்தன. கீழே கிளை முறியும் சத்தம் நின்றது. பிறகு ஒரு பெரும் மூச்சு. நாணல் சரசரக்கும் ஓசை. அது எதிர்ப்பக்கம் விலகிப் போயிற்று. ஒரு கணம் கழித்துச் சிலம்பன்கள் மறுபடி பதறின. எபநேசரின் காதில் குரல் சொன்னது:

"இன்னொரு பெரியது. மேலே. முதலாவதைவிடப் பெரியது. மேலே. கத்துகிறது."

பனியைக் கிழித்துக்கொண்டு சிகாமணி ஓடிவந்தார். முழங்கால் வரை சேறு. தலையில் ஓர் இலை. கையில் கம்பி வளைந்த குடை. பாறையருகே வந்து மூச்சிரைக்க நின்றார்.

"இருக்கேன்," என்றார்.

வசந்தாமணி அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பிறகு தலையிலிருந்த இலையை எடுத்துப் போட்டார். பிறகு அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பள்ளத்துல நின்னுட்டு என்ன நினைச்சேன் தெரியுமா?" என்றார் சிகாமணி. "இப்படியே யானைகிட்டச் சிக்கிச் செத்துப் போனா, அந்தப் போன்ல நான் பேசினதுதான் உனக்குக் கடைசியா மிஞ்சும்னு. நீ கூடலூருக்குப் போ. இப்பவே நான் அந்த ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றார் வசந்தாமணி. "அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்குது, அடுத்த மாசம் மறுபடி கூப்புடுவாங்க. நானே சொல்லிக்குவேன்."

"அது செரி," என்றார் சிகாமணி அவசரமாக. "அதுதான் செரி."

இறங்கும் வழியெல்லாம் யாரும் இயர்பட் போட்டுக்கொள்ளவில்லை. கணவனும் மனைவியும் முன்னால் பேசிக்கொண்டே போனார்கள். கூடலூரில் வீடு பார்ப்பதா, விடுதியா. கடையை யார் பார்ப்பது. காஸ் அடுப்பை யார் கொண்டுபோவது என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு புதுச் சண்டை. சடகோபன் கொஞ்சம் தள்ளியே நடந்தார். காஸ் அடுப்பு விஷயத்தில் மட்டும், அது யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தன்னையே நொந்துகொண்டார்.

சாருலதா எபநேசரோடு பின்தங்கினாள்.

"மத்தியானம் மைக்ல பேசினீங்களே அண்ணா, மிஷின் அப்படி ஆளைக் கூப்பிடாது. வாங்க போங்கன்னும் பேசாது."

"தெரியும்மா. அவரைப் போய் 'மேலே வா'ன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு தடவை முயற்சி பண்ணினேன், நாக்கு வரலை."

"காலைல பண்ணினது எனக்குப் பிடிக்கலை. அந்தம்மா கேட்டது நியாயம்."

"எனக்கும் இப்பப் பிடிக்கலை," என்றார் எபநேசர். "ஆனா மத்தியானம் சொன்னது பொய்யில்லம்மா. அந்தம்மா போட்ட சத்தத்துக்கு என்ன அர்த்தமோ அதைத்தான் முன்கூட்டியே சொன்னேன்."

"யானை வருதுன்னு மிஷின் சரியாத்தான் சொல்லிச்சு," என்றாள் சாருலதா. "வந்தா என்ன பண்ணணும்னு அதுக்குத் தெரியலை. அறிக்கையில அதை எழுதப் போறேன். ஆள் இல்லாம இதை அனுப்பக் கூடாதுன்னும் எழுதப் போறேன்."

எபநேசர் குனிந்து அவள் ஷூவிலிருந்து ஓர் அட்டையைப் பிய்த்து எறிந்தார். ஷூ இப்போது என்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை. மனசுக்குள் அவருக்கு ஒரு கர்வம். பறவைக்காகப் பேசியது வீண்போனாலும், ஓர் ஆளை யானையிடமிருந்து மேலே இழுத்து வந்தது தன் குரல்தானே.

வேன் நின்ற இடத்தில் சாருலதா இயர்பட்களைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் அடுக்கினாள். வசந்தாமணி எறிந்ததைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்திருந்தாள். சிகாமணி மட்டும் ஒதுங்கி நின்றார். எபநேசரைக் கண்ணால் கூப்பிட்டார்.

"ஏனுங்க எபநேசர், அந்தப் புள்ளைகிட்ட நீங்களே கொஞ்சம் சொல்லிருங்க. என்ற காதுல இருந்தது ஓடையில விழுந்து போச்சு. குனிஞ்சு மூஞ்சி கழுவினேன், ரெண்டும் பொளக்குன்னு தண்ணியில போயிருச்சு. தேடிப் பாத்தேன், கிடைக்கலை."

எபநேசர் அவரையே பார்த்தார். "எப்ப விழுந்துச்சு சார்?"

"போனதுமேங்க. பனி வர்றதுக்கு முன்னாடியே."

"அப்ப... மிஷின் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்கலையா? மேலே வாங்கன்னு?"

"மிஷினு கூப்பிட்டுதுங்களா? என்னன்னு?"

எபநேசர் காலரிலிருந்த மைக்கைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "ஒண்ணுமில்ல சார். அப்புறம் எப்படி வந்தீங்க? பனியில பாதையே தெரியலையே."

சிகாமணி வேன் பக்கம் பார்த்தார். வசந்தாமணி ஜன்னலோர இருக்கையில் பையை வைத்து இடம்பிடித்துவிட்டு, டிரைவரிடம் ஏதோ கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிகாமணி குரலைத் தாழ்த்தினார். வெட்கப்படுகிறவர் போல இருந்தது.

"கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ என்ற பேரைச் சொன்னதே இல்லீங்க. இன்னைக்கு ஊருக்கே கேக்கற மாதிரிச் சொன்னா. அதுவும் இத்தனை மாசம் கழிச்சு, யாரையும் நடுவுல வெக்காம, என்னைய நேரா ஒரு கேள்வி கேட்டா." அவர் வளைந்த குடைக்கம்பியை நிமிர்த்தப் பார்த்தார். அது நிமிரவில்லை. "நேர்ல வந்துதானுங்களே பதில் சொல்லோணும்."